வெள்ளி ஏறிய விரல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லி மாளாது. பக்கத்து ஷெட்டில் நட்டு, போல்ட்டு. எதிர் ஷெட்டில் பஸ்ஸுக்கு பிரேக் லைனிங். அவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். நான் மட்டும், “கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போறதுக்குப் பாதை போடறோம்” என்பேன். கண்ணாடிக்குள் வெளிச்சம் தானாகவே போகத்தானே செய்கிறது, அதற்கு எதற்குக் கம்பெனி என்பது போல ஒரு பார்வை வரும். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கே முதல் மாதம் பூராவும் அந்தச் சந்தேகம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் பௌதிகம் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை வேலை கிடைக்கிற வரைக்கும் தாங்கவில்லை. டீச்சர் வேலை கிடைக்கவில்லை, பேங்க் பரீட்சை தேறவில்லை. கடைசியில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் இந்தச் சின்னக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முன் ஷெட்டில் லென்ஸ் தேய்ப்பார்கள். அதில்தான் எல்லோருக்கும் சோறு. பின்னால் ஓர் அறை இருந்தது. அது முதலாளியின் ஆசைக்காக. அவர் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து விலகி வந்தவர். இனிமேல் டெலிபோன் பேச்செல்லாம் கண்ணாடி நூலுக்குள் வெளிச்சமாக ஓடப்போகிறது, ஒரு நூலில் வரும் வெளிச்சத்தை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு சந்தி வேண்டும், அதை நாம் செய்யப்போகிறோம் என்றார். எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் டெலிபோன் கிடையாது. நான் தலையாட்டினேன்.

அந்த அறையில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, நான், பர்னஸ் என்கிற உலையைப் பார்த்துக்கொண்ட அண்ணன். அண்ணன் அம்பத்தூர்க்காரர், ஏரிக்கரைப் பக்கம் வீடு. வாய் சும்மா இருக்காது.

செய்முறை கேட்பதற்குச் சமையல் மாதிரி இருக்கும். சோடியம் நைட்ரேட் என்ற வெள்ளை உப்பைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு பர்னஸில் வைத்தால் உருகித் தண்ணீர் போலாகிவிடும். அதில் துளி சில்வர் நைட்ரேட் சேர்ப்போம். அது வெள்ளியின் உப்பு. மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற மாதிரிக் கண்ணாடித் தகட்டை அதில் இறக்கினால், கண்ணாடிக்குள் ஏற்கெனவே இருக்கிற சோடியம் எழுந்து வெளியே வரும். வெள்ளி போய் அந்த இடத்தில் உட்காரும். பூந்தமல்லியில் ஏறின ஒல்லியான காலேஜ் பெண் வேலப்பன்சாவடியில் இறங்கினதும், அந்த சீட்டில் பருத்த அம்மாள் ஒருத்தி வந்து உட்காருவாளே, அதேதான். சீட்டு மாறவில்லை, ஆனால் வரிசையே நெருக்கிக்கொள்ளும். வெள்ளி உட்கார்ந்த இடத்தில் கண்ணாடி அப்படி நெருங்கிப்போகும். அந்த நெருக்கத்துக்குள் நுழைந்த வெளிச்சம் வெளியே நழுவாமல் அதன் வழியாகவே ஓடும். அதுதான் பாதை.

தகடு முழுக்க வெள்ளி ஏறிவிட்டால் பாதை ஏது? அதனால் தகட்டின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு பூசி, அதில் தலைமுடியை விடச் சன்னமாக ஒரு கோட்டை மட்டும் திறந்து வைப்போம். ஒரு கோடாகப் போய்ப் பாதியில் இரண்டாகப் பிரியும் கோடு. முதலாளி அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் சொல்வார். அண்ணன் அதைக் கவட்டை என்றார். நானும் கவட்டை என்றேன். கொஞ்ச நாளில் முதலாளியும், “இன்னிக்கு எத்தனை கவட்டை?” என்று கேட்க ஆரம்பித்தார். பூச்சுப் போட்ட தகடுகள் நகரத்தில் ஒரு கல்விக்கூடத்திலிருந்து வரும். அவற்றை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, ஜன்னலோர சீட்டு பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு நான்தான் பஸ்ஸில் கொண்டுவருவேன். பக்கத்தில் இருப்பவர் குழம்பு கொட்டிவிடும் என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்.

அந்தக் கண்ணாடிக்கு இருந்த ரோஷம் யாருக்கும் இருக்காது. சில்லென்று இறக்கினால் படக்கென்று உடையும். அதனால் முதலில் உருகின உப்புக்கு மேலே தொங்கவிட்டுச் சூடேற்றி, பிறகுதான் இறக்க வேண்டும். சூடோ வெள்ளியோ கொஞ்சம் கூடினால் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் வெளிச்சத்தை அதுவே குடித்துவிடும், மறுமுனைக்கு ஒன்றும் வராது. அப்படி ஒன்று வெளியே வந்தால் அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்து, “இன்னாமே, உன் பொண்ணு மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு வந்துக்கீது” என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். சிரிப்பும் வரும். கழுவுவதற்கு பேட்டரிக் கடையிலிருந்து வாங்கிவந்த தண்ணீர்தான். எஸ்டேட் போர் தண்ணீரில் கழுவினால் தகட்டின் மேல் வெள்ளையாகப் பூத்துப்போகும்.

கழுவின பிறகு இரண்டு ஓரத்தையும் நைஸான பொடியில் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது என் வேலை. எட்டு போடுவது போலக் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே லாரி ஹாரனும் பிரஸ் அடிக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்கும் அரிசி களையும்போது சில சமயம் கை தானாக எட்டு போடுகிறது. அந்த அறையின் சூடு, உப்பின் வாசனை, அண்ணன் டிரான்சிஸ்டரில் வைக்கிற பாட்டு எல்லாம் அப்படியே திரும்பி வருகிறது. வேறு எந்த வேலையையும் நான் இப்படி நினைத்து ஏங்கினதில்லை.

கடைசியில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஓர் ஓரத்தில் சிவப்பு லேசரைக் குவித்து விடுவோம். மறு ஓரத்துக்கு எதிரே ஒரு வெள்ளை அட்டை. அட்டையில் இரண்டு சிவப்புப் பொட்டு விழ வேண்டும். விழுந்தது, ஆனால் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும். மாதக்கணக்கில் அதே கதை. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும். இரண்டும் சமமாக இருந்தால்தான் வாங்குவார்கள் என்று முதலாளிக்குத் தெரியும். எனக்கோ அது ஒரு பிடிவாதமாகிவிட்டது.

இந்த வேலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெள்ளி உப்பு தோலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் கறுக்கும். சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது, தோல் உரிந்து வளர்ந்தால்தான் போகும். காலையில் சுத்தமாக இருந்த கை, பஸ்ஸை விட்டு இறங்கும்போது கரிப்புள்ளியாகி இருக்கும். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன வியாதியோ என்று நினைக்க மாட்டார்களா என்பாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து என் விரல்களைப் போட்டுத் தேய்ப்பாள். பழம்தான் தீரும்.

அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. அம்மா நின்றாள்.

அம்மா சின்ன வயதில் ஊர்க்காரர்களின் நிலத்தில் களை எடுத்தவள். பிறகு வேலப்பன்சாவடி பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையலுக்கு உதவியாகப் போனாள். அவள் கேட்டதெல்லாம் எங்கள் தெருவுக்குக் குழாய். ஊருக்குள் வந்த குழாய் எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் குடம்தான். எதிரே நின்றவர் ஊருக்குள் பல தலைமுறையாக இருக்கிற விவசாயக் குடும்பத்து அம்மாள். யாருடைய நிலத்தில் அம்மா களை எடுத்தாளோ அந்த வீட்டு மருமகள். அம்மாவுக்கு இஸ்திரிப் பெட்டிச் சின்னம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. அம்மா வீடு வீடாகப் போய், “எனக்குத் தேய்க்கத் தெரியாது, ஆனா தேச்ச மாதிரி வேலை செய்வேன்” என்று சிரிக்க வைத்துவிட்டு வருவாள். ஜெயிக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். ராத்திரி படுத்த பிறகும் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அவள் கணக்கில் முதல் ஓட்டு என்னுடையது. எனக்கும் அதுதான் வாழ்க்கையில் முதல் ஓட்டு.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் கம்பெனியில் எங்களுக்குச் சமம் வந்தது. அட்டையில் இரண்டு பொட்டும் ஒரே சிவப்பு. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். அண்ணன் டிரான்சிஸ்டரை நிறுத்திவிட்டார். அந்தச் சந்தோஷத்தில், இன்னொன்றும் இதே மாதிரி வருகிறதா என்று பார்க்க அடுத்த தகட்டை எடுக்க ஓடினேன். கையுறை கழற்றி வைத்திருந்தேன். வெள்ளி உப்பு கரைந்த ஈரம் சொட்டச் சொட்ட அந்தத் தகட்டை இடது கை ஆள்காட்டி விரலால் தாங்கிப் பிடித்தேன். அதுவும் சமமாக வந்தது. அண்ணன் ஓடிப்போய் எஸ்டேட் டீக்கடையில் இருந்து எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவந்தார். நான் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட்டேன். கழுவினால் போகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

மறுநாள் காலையில் பார்த்தால் நகத்துக்கும் தோலுக்கும் சேர்த்து ஒரு கறுப்புக் கோடு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் கையில் கறை இல்லாத நாள் எது? புதுத் தாவணி உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.

உள்ளே மேஜையில் கையை நீட்டினேன். மை வைக்கிறவர் குச்சியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என் விரலைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எதிர்த்தரப்பு ஏஜெண்ட், “சார், அந்தப் பொண்ணு கையில மை கீது” என்றார். அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

அதிகாரி நல்ல மனிதர்தான், எங்கேயோ வாத்தியாராக இருப்பார் போல. எங்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாய் என்று மெதுவாகத்தான் கேட்டார். இது ஓட்டு மை இல்லை, வெள்ளி என்றேன். வெள்ளிப் பட்டறையில் வேலையா என்றார். இல்லை, கண்ணாடிக் கம்பெனி என்றேன். கண்ணாடியில் வெள்ளி எதற்கு என்றார். வெளிச்சம் போவதற்குப் பாதை என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “உங்க மையிலயும் இதே சில்வர் நைட்ரேட்தான் சார் இருக்கு” என்றேன். அதோடு தீர்ந்தது. மையில் என்ன இருக்கிறது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறாளே, எங்கே காய்ச்சுகிறார்களோ என்று அவர் முகம் மாறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஏஜெண்ட் கள்ள ஓட்டு என்ற வார்த்தையைச் சொன்னார். பட்டியலில் என் பேருக்கு நேரே இன்னும் கோடு விழவில்லை என்று அதிகாரிக்கும் தெரிந்தது. ஆனால் விரலில் மை இருந்தால் ஓட்டுச்சீட்டுக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அது எந்த மை என்று விதியில் எழுதவில்லை.

வெளியே எங்கள் தெரு ஆட்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வேட்பாளர் என்பதால் அம்மாவை உள்ளே விட்டார்கள். அவள் வந்து யாரையும் பார்க்காமல் என் விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

“நேத்திக்கா?”

“நேத்திக்குத்தாம்மா.”

இரண்டு நிமிஷம் சண்டை போட்டிருந்தால் அதிகாரி இறங்கி வந்திருப்பார் என்று எங்கள் ஏஜெண்டாக இருந்த மாமா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போதும் அவர், “வுடாத அக்கா, கேளு” என்றுதான் சொன்னார். அம்மா கேட்கவில்லை.

“என் பொண்ணு ஓட்டுக்காக நான் சண்டை போட்டேன்னு வெய்யி, நாளைக்கு ஜெயிச்சாலும் கள்ள ஓட்டுல ஜெயிச்சான்னுதான் சொல்லுவாங்க. அந்த ஓட்டு வோணாம். வாடி ஊட்டுக்கு.”

என் கையைப் பிடித்து வரிசையைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எண்ணினார்கள். சமம். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்கள். சமம்தான். இஸ்திரிப் பெட்டிக்கு எத்தனையோ அத்தனை எதிரே நின்ற அம்மாளின் பூட்டுச் சாவிக்கும். இப்படி வந்தால் குலுக்கல் என்றார்கள். இரண்டு சீட்டில் இரண்டு பேர் எழுதி, சுருட்டி, ஒரு டம்ளரில் போட்டு அதிகாரியே ஒன்றை எடுத்தார். அம்மா பேர் வரவில்லை. ஜெயித்த அம்மாள் நேராக அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓட்டுப் போட்டிருந்தால் குலுக்கலே இல்லை. இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தெரு முழுக்க எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். வீட்டில் அப்பா மட்டும் அந்த வேலையை விட்டுவிடு என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆயுத பூஜை வருகிறது, அது முடிந்ததும் முதலாளியிடம் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறேன் என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ஆயுத பூஜைக்கு நானும் வருகிறேன் என்றாள். அவள் அதுவரை கம்பெனிக்கு வந்ததே இல்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு எஸ்டேட்டையே பார்க்க வேண்டும். ஷெட்டுக்கு ஷெட் வாழைக்கன்று, கலர் காகிதம், மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். குடும்பத்தோடு வருவார்கள். எந்த மெஷினும் ஓடாது, ஒரு ஸ்விட்சையும் தொட மாட்டார்கள். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்ட பிறகு அம்மா முதலாளியிடம் போய், “இவ இன்னாதான் செய்யறான்னு நான் பாக்கணும் சார்” என்றாள். முதலாளி சங்கடப்பட்டார். இன்றைக்கு எதையும் ஓட்டக் கூடாதே. அண்ணன்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சோறு போடுகிற சாமானுக்குத்தான் சார் பூஜை, நம்ம லேசர் இதுவரை ஒரு பருக்கை போட்டதில்லை, அதை ஆயுதத்தில் சேர்க்க முடியாது என்றார். முதலாளிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

பின்னறையில் விளக்கை அணைத்தோம். சமமாக வந்த அந்தத் தகட்டை வைத்து, லேசரை ஏற்றி, அட்டையை நிறுத்தினேன். இரண்டு பொட்டு. அம்மா முதலில் அட்டையைப் பார்க்கவில்லை. தகட்டின் மேல் குனிந்து பார்த்தாள். சிவப்புக் கோடு ஒன்று சன்னமாக ஓடிப்போய், நடுவில் இரண்டாகப் பிரிந்து போவது அந்த இருட்டில் நன்றாகவே தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள். இது நீ போட்ட வழியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

“அட்டையைப் பாருங்கம்மா. ரெண்டு பக்கமும் சரிசமமா பிரியுது. இதுக்குத்தான் இத்தனை பாடு.”

“சமமா வந்தா நல்லதுன்னு இங்கதான் சார் கேள்விப்படறேன்” என்றாள் அம்மா.

அண்ணன் தரையைப் பார்த்தார். அம்மா இருட்டில் துழாவி என் இடது கையைப் பிடித்தாள். விரல் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது, இருட்டில் தெரியவில்லை.

“வேலையெல்லாம் வுட வோணாம். அடுத்த வாட்டி நான் நிக்கும்போது ஒரு மாசம் முன்னாடியே லீவு சொல்லிட்டு, கைய மடியில வெச்சிக்கினு ஊட்ல குந்து. புரியுதா?”

புரிகிறது என்றேன்.

நான் வேலையை விடவில்லை. கவட்டைகளை முதலாளி பெட்டியில் வைத்து எங்கெங்கோ அனுப்பினார். நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது, வேண்டும் என்று வரவில்லை. சில வருஷத்தில் அந்த அறையிலும் லென்ஸ் மெஷின் வந்து உட்கார்ந்தது. அண்ணன் பர்னஸை அணைத்த அன்றைக்கு டிரான்சிஸ்டரைக் கொண்டுவரவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, திருநின்றவூரில் வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். ரேஷன் கார்டு மாறியது, வாக்காளர் பட்டியலில் பேரும் மாறியது.

அடுத்த தேர்தலில் அம்மா மறுபடியும் நின்றாள். ஓட்டுப்பதிவு அன்று ரயிலும் பஸ்ஸும் மாறிப் பாரிவாக்கம் போய், பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேலியோரம் நின்றேன். அம்மா வரிசையில் நின்றவர்களைக் கும்பிட்டுக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்று, மறதியாக என் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது, எனக்கு இங்கே ஓட்டு இல்லை என்று. அந்தத் தடவை அவள் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள், தெருவுக்குக் குழாய் வந்தது. அம்மாவுக்கு நான் ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை.